வாசகர் கேள்விகள்: காவல் நிலையத்துத் தரை மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போலீஸ், கோர்ட், ஊழல் என்றே இருந்தன. அதனால் சினிமா கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: காவல் நிலையக் கழிவறையில் மட்டும் எப்படி ஐயா இத்தனை பேர் வழுக்கி விழுகிறார்கள்? அதுவும் கை மட்டும், அல்லது கால் மட்டும், அளவாக உடைகிறதே? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

உங்களுக்கு முன்னால் சென்னை உயர் நீதிமன்றமே இதைக் கேட்டுவிட்டது. 2025இல் ஒரு வழக்கில், கைதானவர்கள் மட்டும்தான் அங்கே வழுக்கி விழுவார்களா, அதே கழிவறைக்குப் போகும் போலீஸாருக்கு அப்படி நடப்பதில்லையா என்கிற பொருளில் நீதிபதிகள் கேட்டார்கள். ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் மறுநாளே வேறு ஏதோ ஓர் ஊரில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு யாரையாவது உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பினால், அந்தப் படத்துக்குக் கைதட்டு எமோஜி போடுகிறவர்களும் நாம்தான். 'மாவுக்கட்டு' என்று சொன்னாலே என்ன நடந்திருக்கும் என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, வழுக்கி விழுந்தார் என்ற அறிக்கையை எழுதுகிறவர் நம்பவில்லை, அச்சிடுகிறவர் நம்பவில்லை, படிக்கிறவரும் நம்பவில்லை. ஆனாலும் அது கோப்பில் உட்கார்ந்துவிடுகிறது, பிறகு அதை மீறி எதையும் நிரூபிக்கிற பாரம் அடிபட்டவன் தலையில் விழுகிறது.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 19, ஊரடங்குக் காலம். நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பிடித்துப் போனார்கள். முதல் தகவல் அறிக்கையில் என்ன எழுதினார்கள்? கடை முன்னால் கூட்டம் நின்றது, கலையச் சொன்னபோது இருவரும் தகராறு செய்து தரையில் உருண்டு புரண்டார்கள், அதில் ஊமைக்காயம் ஏற்பட்டது. அப்புறம் பக்கத்துக் கடையின் சிசிடிவி காட்சி வெளியே வந்தது. கூட்டமும் இல்லை, உருளலும் இல்லை. ஜெயராஜ் நடந்து போகிறார், அவ்வளவுதான். இருவரையும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள், ஜூன் 22இலும் 23இலும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அன்றைய முதலமைச்சரின் அறிக்கையோ மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்று பேசியது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதன் உத்தரவின்பேரில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்குப் போனார். சிசிடிவி பதிவைக் கேட்டால், ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளமாக இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழிகிற மாதிரி அமைத்து வைத்திருந்தார்கள். இதை ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நடுவரையே ஒரு காவலர் ஒருமையில் இழிவாகப் பேசினார் என்று அறிக்கை பதிவானது. அந்தச் சூழலில்தான் தலைமைக் காவலர் ரேவதி, இரவு முழுக்க அடித்தார்கள், மேசையிலும் லத்தியிலும் ரத்தக்கறை இருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்லும் அளவுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டாவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கேமரா பழுதாகிவிட்டது என்று எங்காவது படித்தால் அந்த உத்தரவு நினைவுக்கு வரட்டும்.

கேள்வி: அரசாங்கம் சொல்வதை எல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் மனுஷன் எப்படி வாழ்வது? (ஓய்வுபெற்ற கணக்கர், கும்பகோணம்)

எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லவில்லையே. மேட்டூர் அணை நீர்மட்டம் இன்று இத்தனை அடி என்று நீர்வளத் துறை சொன்னால் நானும் நம்புகிறேன், ஏனென்றால் அணையை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், பொய் சொன்னால் டெல்டா விவசாயி மாலைக்குள் பிடித்துவிடுவார். பிரச்சினை எங்கே என்றால், அதிகாரி தான் செய்த காரியத்தைப் பற்றித் தானே சொல்லும்போது, அதற்கு வேறு சாட்சியும் இல்லாதபோது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, யார் சொல்கிறார், யார் பார்த்தார், பதிவு எங்கே என்று கேளுங்கள். மற்ற நேரத்தில் நிம்மதியாக டிகிரி காபி குடிக்கலாம்.

கேள்வி: வாச்சாத்தி தீர்ப்பு வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என் மாணவர்களுக்குச் சொல்ல ஆசை. அரசுத் தரப்பு அன்று என்னதான் சொன்னது? (ஓர் ஆசிரியை, தருமபுரி)

உங்கள் மாவட்டத்துக் கதை, என்னைவிட உங்களுக்குத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள் டீச்சர். முடிந்தால் அரூர் போய், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற அந்த ஊருக்கே மாணவர்களைக் கூட்டிப் போங்கள். ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர், இதில் வனத்துறையினர் 155, காவலர்கள் 108, வருவாய்த்துறையினர் 6. ஊர் மக்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், அதில் பள்ளி மாணவியும் உண்டு. அரூர் வனச்சரக அலுவலகத்தில் பெண்களை இரவு முழுக்க வைத்திருந்து, பிறகு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொண்டுபோனார்கள், கிணற்று நீரைக் குடிக்க முடியாதபடி ஆக்கினார்கள்.

இதற்கு அரசுத் தரப்பு சொன்னது: அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் கடத்தல்காரர்கள், வீடுகளை அவர்களே உடைத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். தன் வீட்டுக் கூரையைத் தானே பிரித்து எறிந்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிற ஊர் எங்காவது உண்டா என்று ஒரு அதிகாரிகூட உரக்கக் கேட்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்துக்கொண்டன, அந்தக் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் சென்னை இயக்குநராக இருந்த பாமதி நேரில் போய் விசாரித்து, மக்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று 1992 ஆகஸ்டிலேயே அறிக்கை கொடுத்தார். அதாவது சம்பவம் நடந்த இரண்டு மாதத்துக்குள் ஓர் அரசமைப்பு நிறுவனத்தின் அறிக்கையே இருந்தது. அதற்குப் பிறகும் சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட 1995 பிப்ரவரி ஆகிவிட்டது.

2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், உயிரோடு இருந்த 215 பேருக்குத் தண்டனை. பாலியல் குற்றத்துக்காக 17 பேர். இந்திய வனப்பணி அதிகாரிகளும் தப்பவில்லை. மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தானே வாச்சாத்திக்குப் போய் இடத்தைப் பார்த்தார், அதே ஆண்டு செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் 5 லட்சத்தைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்றும், அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். உங்கள் கேள்விக்கு நேரான பதில் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றுவதற்காக அன்றைய அரசின் துணையோடு அதிகாரிகள் நடத்திய பெரிய நாடகம் இது, அதில் பாதிக்கப்பட்டவர்கள் அப்பாவிப் பழங்குடிப் பெண்கள் என்று நீதிமன்றம் கருதியது.

மாணவர்களுக்கு இதில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். அன்றைய அதிகாரபூர்வ கதையை உடைத்தது ஏதோ ரகசிய ஆவணம் இல்லை. அந்தப் பெண்கள் விசாரணைக்கு விசாரணை, அடையாள அணிவகுப்புக்கு அணிவகுப்பு, பஸ் ஏறிப் போய் ஒரே விஷயத்தை மாற்றாமல் சொன்னார்கள். 1992இல் ஒருவருக்கு 20 வயது என்றால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும்போது 51.

கேள்வி: துப்பாக்கிச்சூடு நடந்தால் உடனே விசாரணை ஆணையம் போடுகிறார்களே, அதனால் என்ன பிரயோஜனம்? (தூத்துக்குடியிலிருந்து ஒரு மீனவ நண்பர்)

சட்டப்படி பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தில் ஆணையத்துக்குச் சாட்சியை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், தண்டிக்க முடியாது. அறிக்கை வந்து ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சபையில் வைக்க வேண்டும். அரசு பரிந்துரையை ஏற்கலாம், ஓரமாகவும் வைக்கலாம். பாபர் மசூதி இடிப்பை விசாரித்த லிபரான் ஆணையத்துக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள், 48 நீட்டிப்பு வாங்கிப் பதினாறரை ஆண்டு கழித்து 2009இல் அறிக்கை தந்தது. கோபம் ஆறட்டும் என்பதற்குத்தான் ஆணையம் என்று ஊரில் பேசிக்கொள்வது சும்மா இல்லை.

ஆனால் உங்கள் ஊர் விஷயத்தில் நான் முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். 13 உயிர்கள் போயின. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, மற்றவர்களைப் போலத் தானும் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். சமூக விரோதிகள் ஊடுருவினார்கள் என்ற பேச்சும் வந்தது, சினிமாவிலிருந்தும் அதற்கு ஒரு குரல் கிடைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டு விசாரித்து, 2022 அக்டோபரில் சபைக்கு வந்த அறிக்கையில் இந்த டிவி கதையை ஏற்கவில்லை. உயர் அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்றது. ஓடுகிறவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. ஒரே காவலர் நான்கு இடங்களில் 17 ரவுண்டு சுட்டதைக் குறிப்பிட்டது. 17 காவல்துறையினர் மீதும் ஆட்சியர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது.

அந்தப் பக்கம் இதே சம்பவத்தை விசாரித்த சிபிஐ குற்றப்பத்திரிகையில் போலீஸ் தரப்பிலிருந்து ஒரே ஓர் ஆய்வாளர் பெயர்தான் இருந்தது. ஒரே நாள், ஒரே தெருக்கள், ஒரே குண்டுகள். ஒரு விசாரணைக்குப் பதினேழு பேர் தெரிகிறார்கள், இன்னொன்றுக்கு ஒருவர். ஆகவே பிரயோஜனம் என்ன என்றால், தண்டனை கிடைக்காவிட்டாலும் இரண்டு அதிகாரபூர்வ ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கின்றன. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் கையில் பிடிக்க ஒரு நூல் இருக்கிறது. இது போதுமா என்று கேட்டால், உயிரை இழந்த வீட்டில் போய் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தீர்ப்பையே விமர்சிக்கிறீர்கள், கோர்ட் அவமதிப்பு என்று பிடித்துவிடப் போகிறார்கள்! (சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

தம்பி, சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா? 1971 சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்கிறது. தீர்ப்பு வேறு, நீதிபதி வேறு. நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பித்தால் மாட்டுவீர்கள், கணக்கைச் சரிபார்த்தால் மாட்ட மாட்டீர்கள்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. தீர்ப்பில் வங்கிக் கடன்கள் பத்தை வரிசையாகப் போட்டு, மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தையும் கால்குலேட்டரில் கூட்டினால் 10,67,31,274தான் வருகிறது. பதின்மூன்றரைக் கோடி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. கடன் அதிகம் என்றால் வருமானம் அதிகம், அதனால் கூடுதல் சொத்து 8.12 சதவீதம்தான், பத்துக்குள் இருந்தால் மன்னிக்கலாம் என்று விடுதலை. சரியாகக் கூட்டினால் அதே கணக்கு 76 சதவீதத்துக்குப் போகிறது. அன்றைக்கு இனிப்பு வழங்கியவர்களும், துக்கம் கொண்டாடியவர்களும் தீர்ப்பைப் பற்றிப் பேசினார்களே தவிர, பெரும்பாலானோர் அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்க்கவில்லை. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, விசாரணை நீதிமன்றம் முதலில் கொடுத்த தண்டனையை மறுபடி நிலைநிறுத்தியது, அப்போது ஜெயலலிதா உயிருடன் இல்லை.

இன்னும் பின்னால் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய் தீ வைத்திருப்பார்களா என்கிற தொனியில் ஒரு வாதம் தீர்ப்பில் இருந்தது. கார் இருப்பதே நிரபராதி என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. பரீட்சையில் இதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், நீங்களாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2ஜி-யில் போன 1.76 லட்சம் கோடி எங்கே? அதைப் பற்றி மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள்? (கோபமான வாசகர், சேலம்)

திறக்கிறேன். முதலில் அது யாருடைய வீட்டுக்கும் போன பணம் என்று அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி சொல்லவில்லை. செல்போன் நிறுவனங்களுக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற அனுமானம் அது. அதே 2010 அறிக்கையில் 57,666 கோடி முதல் 1,76,645 கோடி வரை வெவ்வேறு கணக்குகள் இருந்தன. மேடைக்கு எது வசதியோ அது ஏறியது. சிபிஐ குற்றப்பத்திரிகையில் வந்த இழப்போ சுமார் 31,000 கோடி. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, ஒதுக்கிய முறை தவறு என்பதற்காக. 2017 டிசம்பர் 21இல் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது, ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று ஏழு ஆண்டு காத்திருந்தேன் என்று நீதிபதி ஷைனி எழுதினார். சிபிஐ மேல்முறையீட்டை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

ஒதுக்கீட்டில் முறை தவறியது என்பது ஒன்று, இன்னார் இவ்வளவு வாங்கினார் என்பது வேறு. குற்றம் சாட்டுகிற அரசு நிறுவனத்தின் எண்ணும் ஓர் அதிகாரபூர்வ எண்தான், அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பிடித்த கட்சி, பிடிக்காத கட்சி பார்த்துக் கால்குலேட்டரை எடுத்தால் எப்படி?

கேள்வி: லஞ்சம் கொடுத்தவன் மேலும் வழக்கு வருமா? (பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்)

வரும். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஏழு ஆண்டு வரை தண்டனை. வேறு வழியில்லாமல் கட்டாயத்தில் கொடுத்திருந்தால், ஏழு நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும். ஊரையும் மறைத்திருப்பதைப் பார்த்தால் ஏழு நாள் தாண்டிவிட்டதோ என்று தோன்றுகிறது.

கேள்வி: எங்கள் தெருவில் போடாத சிமென்ட் ரோட்டுக்குப் பில் எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். கேட்டால் 'வேலை முடிந்தது' என்று பதில். நான் எங்கிருந்து ஆரம்பிப்பது? (ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்)

தகவல் உரிமை மனுவில் 'ஏன் ரோடு போடவில்லை' என்று கேட்காதீர்கள் அம்மா, அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். எஸ்டிமேட்டின் நகல், பணி ஆணை நகல், எம்-புக் என்று சொல்வார்களே, அந்த அளவுப் புத்தகத்தின் நகல், பில் நகல், பணம் கொடுத்த தேதி. எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதி, அளந்த பொறியாளர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போடாத ரோட்டுக்கு அவர் என்ன கனம் எழுதியிருக்கிறார் என்று பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். 30 நாள் கெடு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நகல் தர மாட்டோம் என்றால் கோப்பை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் பொருளின் மாதிரியையே சான்றிட்டுக் கேட்டு வாங்கும் உரிமையும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஏதோ போட்டிருக்கிறார்கள் என்றால் அதன் சிமென்ட் கலவையைக் கேட்கலாம்.

லஞ்ச ஒழிப்புத் துறையில் கேட்டால், தங்களுக்கு 2008 அரசாணைப்படி இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த விலக்கைத் தரும் 24ஆம் பிரிவே, ஊழல் குற்றச்சாட்டு, மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு விலக்கு இல்லை என்றும் சொல்கிறது. மனுவிலேயே அந்தப் பிரிவை எழுதிவிடுங்கள்.

எம்-புக் நகல் கைக்கு வந்ததும் அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போங்கள், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி வரிசையாக இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம், தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் வாங்க வந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.